தியோமான் தீவின் குட்டி விமான நிலையம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி விடுமுறை நெருங்கினால் கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீட்டுக் கைப்பேசி ஓயாது. "தியோமானுக்கு பிளேன்லயே போகலாமாமே, எப்படி?" என்று சித்தப்பா மகன் கேட்பான், அவன் வைத்ததும் அவன் மாமியார் வீட்டிலிருந்து அதே கேள்வி வரும். எங்கள் உறவில் அந்தத் தீவுக்கு அதிகம் போய் வந்தவள் நான், போதாததற்கு அப்பா சுபாங் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை பார்த்தவர், அதனால் விமானம் சம்பந்தப்பட்ட எல்லாக் கேள்வியும் எங்கள் வீட்டுக்குத்தான் வந்து சேர்கிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது. இதோ, ஒரே இடத்தில் எழுதிவிட்டேன்.

தியோமானில் உண்மையாகவே விமான நிலையம் இருக்கிறதா?

இருக்கிறது. தீவின் மேற்குக் கரையில் தெக்கெக் கம்பத்தில் (கம்பம் என்றால் மலாய்க் கிராமம்), கடலுக்கும் மலைக்கும் நடுவே கிடைத்த சின்னத் துண்டு நிலத்தில் ஒரே ஒரு ஓடுபாதை, பக்கத்தில் ஒரு சிறு கட்டடம், அவ்வளவுதான். டிக்கெட்டில் அதன் குறியீடு டி.ஓ.டி. கோலாலம்பூரின் பெரிய விமான நிலையமான கே.எல்.ஐ.ஏ.வில் நடந்து நடந்து கால் ஓய்ந்தவர்களுக்கு இது விளையாட்டுச் சாமான் மாதிரி தெரியும். படியில் இறங்கினால் தார், தாரைக் கடந்தால் கட்டடம், கட்டடத்தைக் கடந்தால் ரோடு, கொஞ்சம் நடந்தால் படகுத்துறை.

எவ்வளவு சின்னது என்று சொல்லுங்கள்.

ஓடுபாதையின் நீளம் 991 மீட்டர். ஒரு கிலோமீட்டர் கூட இல்லை. சுபாங்கில் இருப்பது 3,780 மீட்டர், பினாங்கு பாயான் லெப்பாஸில் 3,300-க்கும் மேல், கே.எல்.ஐ.ஏ.வில் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 4 கிலோமீட்டர். அதாவது சுபாங் ஓடுபாதையை நான்காக நறுக்கினால் ஒரு துண்டை விடக் கொஞ்சம் பெரியது தியோமான். நீங்கள் இனிமேல் கேட்கப்போகும் முக்கால்வாசிக் கேள்விக்கும், ஏன் பெட்டியை நிறுக்கிறார்கள், ஏன் மழை வந்தால் வராது, ஏன் ராத்திரியில் இல்லை, ஏன் சேவை வருவதும் நிற்பதுமாக இருக்கிறது, எல்லாவற்றுக்கும் இந்த 991-தான் பதில். இந்த எண்ணை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றது தானாகப் புரியும்.

சரி, இப்போது கோலாலம்பூரிலிருந்து விமானம் ஓடுகிறதா?

இதற்கு ஒரே வரியில் ஆமாம், இல்லை என்று எழுதி வைத்தால் ஆறு மாதத்தில் பொய்யாகிவிடும். கதையைச் சொல்கிறேன், நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். பல வருடம் பெர்ஜாயா ஏர் நிறுவனம் சுபாங்கிலிருந்து டேஷ்-7 என்ற நாலு இஞ்சின் விமானத்தை ஓட்டியது, சிங்கப்பூரிலிருந்தும் வந்தது. 2014-இல் தியோமான் சேவை நின்றது. அப்புறம் பல வருடம் ஒன்றும் கிடையாது. 2022-இல் எஸ்.கே.எஸ். ஏர்வேஸ் என்ற புது நிறுவனம் 19 பேர் உட்காரும் ட்வின் ஓட்டர் விமானத்தோடு சுபாங்கிலிருந்து தீவுகளுக்குப் பறக்கத் தொடங்கியது. அதுவும் நெடுநாள் நீடிக்கவில்லை.

அதனால் நான் சொல்வது இதுதான்: பயணத்தை ஃபெரியில் போவதாகவே திட்டமிடுங்கள். அந்தச் சமயத்தில் விமானச் சேவை இருந்தால், விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் உங்கள் தேதிக்கு இருக்கை காட்டினால், அப்போது எடுங்கள். இடைத்தரகர் சொல்வதை நம்பி எடுக்காதீர்கள். ஒரு பயண முகவர் எங்கள் குடும்பத்துக்கு "விமானக் கட்டணம் உட்பட" என்று ஒரு சுற்றுலாப் பொதியைத் தலையில் கட்டினார், சேவை நின்று மாதக்கணக்கான பிறகு! கேட்டதற்கு "அது பழைய பிரசுரம், அக்கா" என்றார். பணம் திரும்பி வர மூன்று மாதம் அலைந்தேன்.

ஏர் ஆசியாவின் பெரிய விமானம் ஏன் அங்கே போவதில்லை? கூட்டம்தான் இருக்கிறதே?

கூட்டம் இருந்தால் போதுமா, இறங்க இடம் வேண்டாமா? அவர்கள் ஓட்டும் ஏர்பஸ் 320 ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு கிளம்ப ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் கேட்கும். அது போகட்டும், சுபாங்கில் நாம் அடிக்கடி பார்க்கும் இரட்டை விசிறி ஏ.டி.ஆர். 72, அதுவும் முழுப் பாரத்தோடு ஏற ஏறக்குறைய 1,300 மீட்டர் கேட்கும். தியோமானில் அவ்வளவு இல்லை.

டேஷ்-7 எப்படி இறங்கியது என்றால், அது குறுகிய ஓடுபாதைக்கென்றே கனடாவில் செய்த விமானம். 50 பேர் போகலாம், நாலு விசிறி, அந்த விசிறிக் காற்று இறக்கை முழுவதும் அடிப்பதால் மெதுவாகப் பறந்தாலும் விழாது. அருமையான வண்டி. ஆனால் மொத்தமே 113-தான் செய்தார்கள், 1988-இல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். உதிரி பாகத்துக்கே அலைய வேண்டிய வயதாகிவிட்டது அதற்கு. ட்வின் ஓட்டர் அதைவிடப் பழைய குடும்பம், முதலில் பறந்தது 1965-இல், ஆனாலும் 2010 முதல் மறுபடியும் புதிதாகச் செய்கிறார்கள், ஏனென்றால் அந்த வேலைக்கு அதை விட்டால் ஆள் இல்லை. கரிபியனில் சாபா என்று ஒரு தீவு இருக்கிறது, ஓடுபாதை 400 மீட்டர்தான், அங்கே இறங்குவதும் ட்வின் ஓட்டர்தான். சரவாக்கில் பாரியோ போகிறவர்களுக்கும் இந்த விமானம் பழக்கம்.

நடுவில் ஒரு நம்பிக்கை வந்தது. ஏ.டி.ஆர். நிறுவனம் 800 மீட்டரில் ஏறி இறங்கும் ஒரு ஏ.டி.ஆர். 42 ரக விமானத்தைச் செய்யப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தது. வந்திருந்தால் தியோமானுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. 2024 நவம்பரில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டுவிட்டார்கள்.

991 மீட்டர் இருக்கிறதே, 600 மீட்டரில் நிற்கும் விமானம் என்றால் தாராளம் இல்லையா?

அப்பாவிடம் நான் கேட்ட அதே கேள்வி. அவர் பெட்டி ஏற்றுகிறவர், விமானி இல்லை, ஆனால் சாப்பாட்டு மேசையில் விரலால் கோடு போட்டுக் காட்டினார். இருக்கிற நீளம் முழுவதையும் கணக்கில் எடுக்க விடமாட்டார்கள். பல நாடுகளின் விதிப்படி, பயணிகளை ஏற்றும் விசிறி விமானம் ஓடுபாதையின் 70 விழுக்காட்டுக்குள் நின்றாக வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் கிளம்ப வேண்டும். 991-இல் 70 விழுக்காடு என்றால் 694 மீட்டர். மழை பெய்து ஈரமாக இருந்தால் இன்னும் 15 விழுக்காடு கூட்டிக்கொள்ள வேண்டும், அதாவது காய்ந்த தரையில் 603 மீட்டருக்குள் நிற்கக்கூடிய பாரத்தோடுதான் வரலாம். கிலோமீட்டர் என்று நினைத்தது அறுநூறாகச் சுருங்கிவிட்டது பாருங்கள். மழைக்காலத்தில் சில இருக்கைகளைக் காலியாக விட்டுப் பறக்க வேண்டி வந்தால் அது இதனால்தான், விற்காமல் போனதால் இல்லை.

வெயில் அடித்தால் நல்லதுதானே?

அதுவும் முழுக்க நல்லதில்லை. சூடான காற்று லேசானது, இறக்கைக்குப் பிடிமானம் குறையும், இஞ்சினும் விசிறியும் சோர்ந்து போகும். விமானக் கணக்கெல்லாம் கடல் மட்டத்தில் 15 டிகிரி என்று வைத்துப் போட்டது. தியோமானில் மத்தியானம் 33 டிகிரி என்றால் 18 டிகிரி அதிகம், ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 120 அடி என்று கூட்டினால் 2,100 அடிக்கு மேல் வருகிறது. கடற்கரையில் நிற்கிற விமானம் சுமார் 650 மீட்டர் உயரத்தில் நிற்பதாக நினைத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். பினாங்குக் கொடிமலையில் முக்கால் உயரம் ஏறி அங்கிருந்து புறப்படுகிற மாதிரி. காலை விமானம் கிடைத்தால் அதை எடுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வதற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம், நம் ஊரில் இடி மழை சாயங்காலம்தான் கட்டிக்கொண்டு வரும்.

பெட்டி எவ்வளவு கொண்டு போகலாம்?

இந்த மாதிரிக் குட்டி விமானங்களில் வழக்கமாக 10 கிலோதான். 20 கிலோ, 30 கிலோ எல்லாம் மறந்துவிடுங்கள். டிக்கெட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதைப் பாருங்கள், கூடுதல் எடைக்குப் பணம் கட்டினாலும் ஏற்ற முடியாது என்று சொல்லிவிடலாம், ஏனென்றால் பிரச்சினை பணத்தில் இல்லை. சுருட்டி அமுக்கக்கூடிய துணிப் பையாகக் கொண்டு போங்கள். சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி காலியாகவே மூன்று கிலோ இருக்கும், மூன்றில் ஒரு பங்கு அதிலேயே போய்விட்டது.

கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்றும் பவர் பேங்க் கையில்தான் இருக்க வேண்டும், பெட்டிக்குள் போடக்கூடாது. டுரியான் கொண்டு வராதீர்கள். ஏன் என்று கேட்க வேண்டாம்.

நம்மையும் நிறுத்துப் பார்ப்பார்களாமே? என் மனைவி வரமாட்டேன் என்கிறாள்.

ட்வின் ஓட்டர் என்றால் ஆளை நிறுப்பது புதிது இல்லை. மீரியிலிருந்து பாரியோவுக்கு அத்தையோடு போனேன். அங்கே கைப்பையோடு தராசில் ஏறச் சொன்னார்கள். அத்தை எண் தெரியாமல் சேலைத் தலைப்பால் மறைக்கப் பார்த்தார், தராசின் முகம் அதிகாரியைப் பார்த்து இருந்ததால் பிழைத்தார். யாரும் எண்ணைச் சத்தமாக வாசிக்க மாட்டார்கள், உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள்.

காரணம் இதுதான். பெரிய விமானத்தில் 180 பேர் என்றால் ஒரு சராசரி எடையை வைத்துக் கணக்குப் போடலாம், கூடுதலும் குறைவும் சரிக்கட்டிக்கொள்ளும். 19 பேரில் சரிக்கட்டாது. ஒரு ரக்பி குழு ஏறினால் கணக்கு கவிழ்ந்துவிடும். ட்வின் ஓட்டர் கிளம்பும்போது மொத்த எடை 5,670 கிலோவைத் தாண்டக்கூடாது, அதில் பாதிக்கும் மேல் விமானத்தின் சொந்த எடையே. மிச்சத்தில்தான் எரிபொருள், விமானிகள், நீங்கள், உங்கள் முறுக்கு டின் எல்லாம். எடை எவ்வளவு என்பதோடு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் முக்கியம், அதனால் "அக்கா, நீங்கள் முன்னால் வாங்க" என்று இடம் மாற்றினால் கோபித்துக்கொள்ள வேண்டாம். அப்பா சொல்வார், சுபாங்கில் பெரிய விமானத்துக்கே பெட்டிகளை முன்னே எவ்வளவு பின்னே எவ்வளவு என்று தாள் பார்த்துத்தான் ஏற்றுவோம் என்று.

இறங்கும்போது பயமாக இருக்குமா?

முதல் தடவை இருக்கும். நான் முதலில் போனது 2008-இல், டேஷ்-7. கடல் மேல் தாழ்ந்து வந்துகொண்டே இருக்கிறது, ஜன்னலில் பார்த்தால் எதிரே பச்சை மலை பெரிதாகிக்கொண்டே வருகிறது, என்னடா இது மலையைப் பார்த்தே போகிறானே என்று அம்மா கந்த சஷ்டி கவசத்தைப் பாதியிலிருந்து ஆரம்பித்தார், அதற்குள் விமானம் சாய்ந்து திரும்பி நேரானது, நேரான உடனே தரை. சக்கரம் பட்டதும் இஞ்சின் எதிர்ப்பக்கம் உறுமி, முதுகை யாரோ இழுத்த மாதிரி நின்றது. அம்மா கவசத்தை முடிக்கவே இல்லை.

இது விமானியின் சாகசம் இல்லை, அந்த இடத்தின் அமைப்பு. தியோமானின் உயரமான மலை, குனோங் காஜாங், 1,038 மீட்டர். தீவு முழுக்கவே மலைதான், ஓடுபாதைக்கு நீளமாக நேர்க்கோட்டில் வருவதற்கு வழி இல்லை. அந்தப் பாதைக்குப் பழக்கப்பட்ட விமானிகள்தான் ஓட்டுவார்கள். மலையில் மோதித் திரும்பும் காற்றால் கொஞ்சம் குலுக்கல் இருக்கும், பேருந்தில் கேமரன் மலை ஏறியவர்களுக்கு இது ஒன்றும் இல்லை.

ஓடுபாதை முனையில் 02 என்றும் 20 என்றும் எழுதியிருப்பதைப் பார்த்து என் மகன் "ஏன் தலைகீழாக எழுதியிருக்கிறார்கள்?" என்றான். அது திசை. வடக்கிலிருந்து 20 டிகிரி, கடைசிச் சுழியத்தை விட்டு 02 என்று எழுதுவார்கள். எதிர்ப்பக்கம் பார்த்தால் 200 டிகிரி, அது 20. உலகத்தில் எந்த ஓடுபாதையை எடுத்தாலும் இரண்டு முனை எண்ணுக்கும் வித்தியாசம் 18-தான். அடுத்த பயணத்தில் பிள்ளைகளை வாய் மூட வைக்க உதவும்.

ராத்திரி விமானம் உண்டா? வேலை முடித்து வெள்ளிக்கிழமை கிளம்பலாம் என்று பார்க்கிறேன்.

கிடையாது. விமானி கண்ணால் பார்த்து இறங்க வேண்டிய இடம் அது. அந்தி சாய்ந்தால் கடை மூடின மாதிரி.

மேகம், புகைமூட்டம் வந்தால்?

கண்ணால் பார்த்துப் பறக்கும் விதிக்குப் பொதுவாக 5 கிலோமீட்டர் தூரமாவது தெளிவாகத் தெரிய வேண்டும். கே.எல்.ஐ.ஏ.வில் மேகத்துக்குள்ளேயே வந்து இறங்க வழிகாட்டும் கருவிகள் இருக்கின்றன, மழையிலும் இறங்குவார்கள். தீவில் நினைத்துப் பார்க்க வேண்டாம். வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கி மார்ச் வரை இழுக்கும், அப்போது பாதி விடுதிகளே மூடிவிடும், ஃபெரியும் குறையும். ஜூலையிலிருந்து அக்டோபர் வரை கடல் அருமையாக இருக்கும், ஆனால் சுமத்ராவில் காடு எரிகிற வருடம் என்றால் 2015, 2019 மாதிரி புகை வந்து கெடுக்கும். கடல் பளிங்கு மாதிரி இருக்கிறது, படகு ஓடுகிறது, விமானம் மட்டும் வரவில்லை என்றால் மேலே பாருங்கள், காரணம் தெரியும்.

விமானம் ரத்தானால் என்ன செய்வது?

முதலில் படகுத்துறைக்கு ஆளை அனுப்பி அடுத்த ஃபெரியில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள், அதன் பிறகு முகப்பில் போய்ச் சண்டை போடுங்கள். இந்த வரிசை முக்கியம், ஏனென்றால் உங்களோடு வரவேண்டியவர்களும் அதே ஃபெரிக்குத்தான் ஓடுவார்கள்.

மலேசியாவில் 2016 முதல் விமானப் பயணிகள் பாதுகாப்புக்கு ஒரு விதித்தொகுப்பு இருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால் சாப்பாடு தர வேண்டும், ஐந்து மணி நேரத்தைத் தாண்டினால் பயணத்தை விட்டுவிட்டுக் கட்டணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை 2024 செப்டம்பர் திருத்தத்தில் வந்தது. இதைக் கவனித்துக்கொண்டிருந்த மாவ்காம் என்ற ஆணையத்தை 2025 ஆகஸ்டில் சி.ஏ.ஏ.எம். என்ற வான்போக்குவரத்து ஆணையத்தோடு சேர்த்துவிட்டார்கள், புகார் இப்போது அங்கேதான். ரத்துச் செய்தியைக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள், வாய்ச்சொல்லை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள்.

திங்கட்கிழமை காலை முக்கியமான வேலை இருக்கிறவர்கள் ஞாயிறு மாலை விமானத்தில் திரும்புவதாகத் திட்டம் போடவே கூடாது. சனிக்கிழமையே கரை சேர்ந்துவிடுங்கள். என் மைத்துனர் ஒருமுறை தீவின் படகுத்துறையில் நின்றுகொண்டு முதலாளிக்குப் போன் போட்டு "வயிற்று வலி" என்றார், பின்னால் அலைச் சத்தம் கேட்டதாம்.

ஃபெரி வழி எப்படி?

கோலாலம்பூர் டி.பி.எஸ். பேருந்து நிலையத்திலிருந்து மெர்சிங்குக்குப் பேருந்து, ஐந்தாறு மணி நேரம். இரவுப் பேருந்து பிடித்தால் விடியலில் இறங்கிப் பசியாறிவிட்டுப் படகு ஏறலாம். ஃபெரி ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். வேடிக்கை என்னவென்றால் தியோமான் பகாங் மாநிலத்தில், ரொம்பின் மாவட்டத்தில் இருக்கிறது, ஆனால் நாம் ஏறுவது ஜொகூரில். பகாங் பக்கத்திலேயே ஏற வேண்டுமென்றால் தஞ்சோங் கெமோக் துறை இருக்கிறது, சொந்தக் காரில் குவாந்தான் பக்கமாக வருகிறவர்களுக்கு அது வசதி.

மெர்சிங்கில் ஆற்றுவாய் ஆழம் குறைவு. கடல் ஏற்றம் இருக்கும்போதுதான் படகு வெளியே போகும், அதனால் ஃபெரி நேரம் நாளுக்கு நாள் மாறும். போன வருடம் காலை ஒன்பதுக்கு ஏறினோமே என்று இந்த வருடமும் ஒன்பதுக்கு வந்து நிற்காதீர்கள். குமட்டல் வருகிறவர்கள் பின்வரிசையில் உட்காருங்கள், முன்பக்கம்தான் அதிகம் தூக்கிப் போடும். இஞ்சி மிட்டாய் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஃபெரி கம்பம் கம்பமாக நின்று போகும்: கெந்திங், பாயா, தெக்கெக், ஆயர் பத்தாங், சாலாங் என்று. உங்கள் விடுதி எந்தக் கம்பத்தில் என்று தெரிந்து இறங்குங்கள், ஏனென்றால் ஒரு கம்பத்திலிருந்து இன்னொன்றுக்குப் பல இடங்களில் ரோடு கிடையாது. விமானத்தில் போனாலும் தெக்கெக்கில் இறங்கியபின் மறுபடியும் படகுதான். கிழக்குக் கரையில் ஜுவாராவுக்கு மட்டும் காட்டைக் கடந்து செங்குத்தான ஒரு பாதை, ஜீப் போகும்.

முக்குளித்த மறுநாள் காலையில் விமானம் ஏறலாமா?

கவனம். ஸ்கூபா முக்குளித்தவர்கள் உடனே உயரம் போகக்கூடாது, இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழாகிவிடும். டான் என்ற முக்குளிப்புப் பாதுகாப்பு அமைப்பின் பரிந்துரை, ஒரே ஒரு சாதாரண முக்குளிப்பு என்றால் 12 மணி நேரம், பலமுறை அல்லது பல நாள் என்றால் 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும். "இது குட்டி விமானம்தானே, தாழ்வாகத்தானே பறக்கும்" என்று ஒருவர் வாதாடினார். 600 மீட்டருக்கு மேல் போனாலே இந்தக் கணக்கு பொருந்தும், தீபகற்பத்தைக் குறுக்கே தாண்டும் விமானம் அதைவிட உயரமாகத்தான் போகும், போதாததற்கு ட்வின் ஓட்டரில் உள்ளே காற்றழுத்தம் ஏற்றுவதும் கிடையாது. மேலே மீன் பார்த்து மிதக்கும் ஸ்நோர்க்கலிங்குக்கு இது பொருந்தாது, தாராளமாகச் செய்யுங்கள்.

விமான நிலையத்தில் சாப்பிட என்ன கிடைக்கும்? நாங்கள் சைவம்.

உள்ளே எதையும் எதிர்பார்க்காதீர்கள். வெளியே தெக்கெக் கம்பத்தில் மலாய்க் கடைகள் இருக்கின்றன. நாசி கோரெங் சாயுர் என்று கேட்டால் காய்கறி போட்டுத் தருவார்கள், ஆனால் சம்பலில் பெலாச்சான் இருக்கும், அது இறால். "பெலாச்சான் வேண்டாம், மீன் வேண்டாம், முட்டையும் வேண்டாம்" என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். நெத்திலியை மீன் கணக்கில் சேர்க்காதவர்கள் உண்டு. புரட்டாசியில் போகிறவர்கள் புளிச்சோறு கட்டிக்கொண்டு போங்கள், இரண்டு நாள் தாங்கும். அதையும் 10 கிலோவுக்குள் அடக்குங்கள்.

பணமும் கையில் எடுத்துப் போங்கள். தெக்கெக்கில் விமான நிலையத்துக்கு எதிரே ஏ.டி.எம். உண்டு, விடுமுறை நாளில் காலியாகிவிடும்.

தியோமான் டியூட்டி ஃப்ரீதானே, வாங்கிக்கொண்டு வரலாமா?

வரியில்லாத் தீவுதான். சலுகைக்குக் குறைந்தபட்ச நேரம் தங்கியிருக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு லிட்டர் கண்ணாடிப் பாட்டில் ஒன்றரைக் கிலோ. ஃபெரியில் வருகிறவர்கள் மட்டும் சந்தோஷப்படலாம்.

பெரிய விமான நிலையம் கட்டப்போகிறார்களாமே?

பாயா கம்பத்துப் பக்கம் கடலை மேடாக்கி நீளமான ஓடுபாதை போடும் யோசனை பல வருடமாகப் பேசப்படுகிறது. எங்கள் உறவில் பாதிப் பேர் "கட்டட்டுமே, ஒரு மணி நேரத்தில் போய்விடலாமே" என்கிறார்கள். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. தியோமானைச் சுற்றியுள்ள கடலை 1994-இல் கடல் பூங்காவாக அறிவித்தார்கள், நாம் போவதே அந்தப் பவளத்தைப் பார்க்க. மண் கொட்டினால் சேறு கிளம்பும், சேறு படிந்தால் பவளத்துக்கு வெளிச்சம் போகாது, செத்துவிடும். அதே நேரம் தீவில் குடியிருக்கிறவர்களுக்கு, பருவமழையில் கடல் கொந்தளிக்கும்போது நோயாளியைக் கரைக்குக் கொண்டுபோக வழி வேண்டும் என்பதையும் கே.எல்.லில் உட்கார்ந்துகொண்டு நான் அலட்சியமாகச் சொல்ல முடியாது. ஆனால் அதற்கு வேண்டியது இருக்கிற ஓடுபாதைக்கு ஏற்ற சின்ன விமானமும், அது நிற்காமல் ஓட யாராவது பணம் போடுவதும். சபா, சரவாக் உள்ளூர்களுக்கு மாஸ்விங்ஸ் விமான நிறுவனத்தின் ட்வின் ஓட்டர்களை அரசாங்கப் பணத்தில் பறக்கவிட்டார்களே, அந்த வழி இங்கேயும் ஏன் ஆகாது என்பதுதான் என் கேள்வி.

விமானம் இல்லாத காலத்தில் போனால் அந்த இடத்தைப் பார்க்கவாவது முடியுமா?

வேலிக்கு வெளியே ரோட்டில் நின்று பார்க்கலாம். உள்ளே நுழைய முயற்சி செய்யாதீர்கள், அட்டவணைச் சேவை இல்லாவிட்டாலும் ஹெலிகாப்டரோ தனியார் விமானமோ வரலாம். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் போங்கள், வெயில் தணிந்திருக்கும், மலை நிழல் தார் மேல் விழுந்திருக்கும். அப்பாவை ஒருமுறை அங்கே கூட்டிப்போனேன். வேலியைப் பிடித்துக்கொண்டு ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பார்த்தார், அப்புறம் "இதுல எத்தனை பெட்டி ஏத்துவாங்க?" என்று கேட்டார்.